புகழுரையும் பொருளுரையும்



ஆரணிப் பட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆரணியில் மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தறிகள் உண்டு. அவ்வூர்களுள் ஒன்றாகிய பெரணமல்லூர் என் சொந்த ஊர். என் தந்தையார் தறியில் அமர்ந்து காலம் கழித்தவர். நான் பள்ளி ஆசிரியனாகப் போய்விட்டேன். ஆயினும் அவர் எனக்குச் சிறு வயதில் கற்றுக்கொடுத்த ஒன்று இன்றும் மனத்தில் நிற்கிறது. நல்ல சரிகை என்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. வெளியே பார்த்தால் எல்லாச் சரிகையும் மின்னும். விற்பவர் ஆயிரம் சொல்வார். இழையைச் சற்றே சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது போலி. "மின்னுகிறதே என்று வாங்காதே, சுரண்டிப் பார்" என்பார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சரிகை அன்று. சங்கீத சபைகள், நாட்டியப் பள்ளிகள், நாடக மன்றங்கள், கூத்துக் குழுக்கள் ஆகிய கலை நிறுவனங்களைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கமும் சாயாமல் கட்டுரை எழுதுவது எப்படி என்பதே பொருள். இஃது அறிஞர் சிலருக்கு மட்டும் உரிய வேலையாக இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அப்படியில்லை. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கல்லூரி மாணவர்களும் எழுதுகின்றனர். பள்ளி மாணவர்களுங்கூட எழுதுகின்றனர். ஆதலின் இப்பேச்சு உங்களுக்கே உரியது.

தமிழில் இத்துறைக்கு நெடிய வரலாறு உண்டு. ஆ. சிங்காரவேலு முதலியார் என்னும் தமிழாசிரியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது தனி ஒருவரின் உழைப்பு. பின்னர்த் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகம் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' 1954ஆம் ஆண்டு முதல் 1968ஆம் ஆண்டு வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பத்தாம் தொகுதி இணைப்புத் தொகுதி. அச்சில் ஏறிய பிழையை அடுத்த தொகுதியிலோ இணைப்பிலோதான் திருத்த முடியும். ஆகவே எழுதுபவருக்கு அச்சம் இருந்தது. அந்த அச்சம் நல்லது. இன்று ஒரு நொடியில் திருத்தலாம் என்பதால் அந்த அச்சம் நம்மை விட்டுப் போய்விட்டது. என்னை விட்டும் போயிருந்தது.

அந்தக் கதையையே முதலில் சொல்கிறேன்.

எங்கள் பகுதி கூத்துக்குப் பெயர்போனது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை என்னும் ஊரின் தம்பிரான் பரம்பரையை நாடக உலகம் அறியும். அவ்வூர் நடேசத் தம்பிரான் ஆடிய 'கர்ண மோட்சம்' கூத்தைக் கண்டு தூண்டுதல் பெற்ற ந. முத்துசாமியே 1977ஆம் ஆண்டில் சென்னையில் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். அப்படிப் புகழ் பெறாத குழுக்களும் பல உண்டு. திரௌபதி அம்மன் கோவில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு நடக்கும், இரவெல்லாம் கூத்து நடக்கும், இறுதியில் படுகளம். அத்தகைய குழு ஒன்றின் தலைவர் எனக்கு நெடுநாள் பழக்கம். பெயர் வேண்டா. எங்கள் பக்கத்தில் கூத்துக் குழுவின் தலைவரையும் வாத்தியார் என்றே அழைப்பர். ஆகவே நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் 'வாத்தியாரே' என்றே அழைத்துக்கொள்வோம்.

ஒருநாள் அவர் என்னிடம், "வாத்தியாரே, எல்லாரையும் பற்றி அதில் எழுதியிருக்கிறதாம். நம் கூத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்" என்றார். நாலு வரி என்ன, நாற்பது வரி எழுதினேன். 'உலகப் புகழ் பெற்ற', 'கலையுலகின் கலங்கரை விளக்கம்', 'ஆற்றிய தொண்டு அளப்பரியது', '200 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய' என்றெல்லாம் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண்கள் கலங்கின. இரண்டே நாளில், நான் முகமறியாத ஒருவர், ஈழத்தைச் சேர்ந்தவர் என்று பின்னர் அறிந்தேன், அதில் முக்காற்பங்கை நீக்கிவிட்டார். எஞ்சியது ஒன்பது வரி. அதிலும் '200 ஆண்டு' என்ற இடத்தில் 'சான்று தேவை' என்று ஒரு குறி. எனக்குச் சினம் பொங்கியது. எங்கள் கூத்தை ஒருநாளும் பார்த்திராதவர் அதன் பெருமையை வெட்டுவதா என்று நீண்ட மடல் எழுதினேன். அவர் விடையாக ஒரே கேள்வி கேட்டார். "உலகப் புகழ் என்கிறீர்கள். எந்த எந்த நாட்டில் ஆடினார்கள், எந்த ஆண்டில்? அதை எழுதுங்கள், நீக்கமாட்டேன்."

நான் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு இல்லை. அவர்கள் வேலூருக்கு அப்பால் போனதில்லை.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் ஒரே கோவிலில் ஆண்டுதோறும் தவறாமல் ஆடிவந்தார்கள். இராகத்தைப் பிடித்துக் கொடுக்க முகவீணை வாசிப்பவர் ஒருவர் அவர்களிடம் இருந்தார். பல குழுக்களில் அவ்விடத்தை ஆர்மோனியம் பிடித்துக்கொண்ட பின்னும் இருந்தார். மரக்கட்டையில் கண்ணாடி பதித்த புயக்கட்டைகளையும் கிரீடங்களையும் அவர்களே செய்துகொண்டார்கள். இவற்றில் ஒன்றையும் நான் எழுதவில்லை. புகழ்ச்சொற்கள் இருந்த இடத்தில் இச்செய்திகளுக்கு இடம் இல்லாமற் போயிற்று. நடுநிலை என்றால் சுவையில்லாமல் எழுதுவது என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறு. 'அளப்பரிய தொண்டு' என்னும் தொடரை எந்தச் சபைக்கும் ஒட்டலாம். ஆகவே அஃது எந்தச் சபையைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

கூத்தில் ஒவ்வொரு வேடமும் திரைக்குப் பின் நின்று தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வரும். அது வேடத்துக்கு உரிய முறை. கட்டியக்காரன் குறுக்கிட்டு, "நீர் யார்? எந்த நாடு? வந்த காரியம் என்ன?" என்று கேட்பான். கலைக்களஞ்சியத்தில் எழுத வருகிறவன் திரைக்குப் பின்னே போய் நின்றுவிடக் கூடாது.

இனிப் பெரிய நிறுவனங்களுக்கு வருவோம். அங்கே சிக்கல் வேறு வகை. புகழுக்குப் பஞ்சமில்லை, சான்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வழக்கு உண்டு.

சென்னை மியூசிக் அகாதெமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தோன்றிய ஆண்டு எது? 1927 என்றும் எழுதுகின்றனர், 1928 என்றும் எழுதுகின்றனர். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியபோது அதனை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அங்கே எழுந்த எண்ணத்தின்படி 1928 ஆகஸ்டில் அகாதெமி தொடங்கிவைக்கப்பெற்றது. இரண்டு ஆண்டுகளையும் அவற்றுக்குரிய நிகழ்ச்சியோடு எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது. எல்லா வழக்கும் இவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

1941ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. அக்காலக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே பெரும்பகுதியாக இருந்தன. தமிழ்ப் பாட்டு இறுதியில் துக்கடாவாக வந்தது. தமிழ்நாட்டில் தமிழில் பாட வேண்டும் என்பது மாநாட்டினர் கோரிக்கை. அகாதெமியினர் அதே ஆண்டில், கருநாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கம், அத்தரத்தைக் குறைக்கும் வகையில் மொழியைப் பற்றிய எண்ணம் புகலாகாது என்று தீர்மானம் செய்தனர். இதழ்களில் கடும் விவாதம் நடந்தது. கல்கி தமிழிசைப் பக்கம் நின்று எழுதினார். 1943ஆம் ஆண்டில் அண்ணாமலை அரசர் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். 1949ஆம் ஆண்டு முதல் அச்சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் நடத்தி வருகிறது.

இவ்விரண்டு நிறுவனங்களைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'தமிழை ஒதுக்கிய அகாதெமி' என்று எழுதினால் ஒரு சாரார் கைதட்டுவர். 'மொழிப்பற்றால் இசையைப் பிளந்த சங்கம்' என்று எழுதினால் மற்றொரு சாரார் கைதட்டுவர். இரண்டுக்கும் நடுவே, 'இருவர் பக்கமும் நியாயம் உண்டு' என்று எழுதிவிட்டால் நடுநிலை ஆகிவிடுமா? ஆகாது. அதுவும் ஒரு தீர்ப்பே. அதுவும் உங்கள் தீர்ப்பே. யார், எந்த ஆண்டில், எந்த அவையில், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பின்னர் நிகழ்ந்ததையும் எழுதுங்கள். தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவனுக்கு அகாதெமி 1971ஆம் ஆண்டில் 'சங்கீத கலாநிதி' விருது வழங்கியது. இச்செய்தியை வைத்துக்கொண்டு அகாதெமி மனம் மாறியது என்று சிலர் வாதிடுவர். முன்பே அதற்குத் தமிழ்ப் பகை இல்லை என்று வேறு சிலர் வாதிடுவர். வாதிடட்டும். செய்தியைக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். தமக்கென ஒரு கொள்கை உடையவர் கலைக்களஞ்சியத்தில் எழுதலாமா? பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் பெ. தூரன். அவரே தமிழில் பல நூறு கீர்த்தனைகள் இயற்றியவர். தமிழ் இசைச் சங்கம் 1972ஆம் ஆண்டில் அவருக்கு 'இசைப்பேரறிஞர்' பட்டம் அளித்தது. தமிழிசை வழக்கில் அவர் எப்பக்கம் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருக்க முடியாது. அதனால் அவர் அப்பணிக்குத் தகுதியற்றவர் ஆகிவிட்டாரா? கருத்தே இல்லாதவரைத் தேடிப் பிடித்துக் களஞ்சியம் எழுதச் சொன்னால், அவர் இசையையே அறியாதவராகத்தான் இருப்பார். கருத்து இருக்கலாம், அது கீர்த்தனையில் இருக்க வேண்டும், மேடையில் இருக்க வேண்டும், கட்டுரை ஏட்டில் இருக்க வேண்டும். களஞ்சியத்தின் வரிக்குள் நுழையக் கூடாது. திருக்குறளில் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. அங்கே சான்றோரும் வணிகரும் வருகின்றனர். கலைக்களஞ்சிய ஆசிரியர் வரவில்லை. அக்காலத்தில் அத்தொழில் இல்லை போலும்.

கருத்து நுழைவது பெரும்பாலும் பெரிய வாசல் வழியாக அன்று. ஒரு வினைச்சொல்லின் வழியாகவே நுழையும். ருக்மிணி தேவி அருண்டேல் 1936ஆம் ஆண்டில் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திராவை நீங்கள் அறிவீர்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நாடாளுமன்றம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கியது. இவை பொருளுரை. 'அழிந்துபோன பரதக்கலையை மீட்டெடுத்த நிறுவனம்' என்று ஒருவர் எழுதுகிறார் என்று கொள்ளுங்கள். படித்தால் குற்றம் தோன்றாது. 'மீட்டெடுத்த' என்ற சொல்லைச் சுரண்டிப் பாருங்கள். மீட்டது யாரிடமிருந்து? சதிர் என்னும் பெயரில் அந்த ஆடலை ஆடிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அக்கலைக்கே வாழ்ந்த குடும்பத்துப் பெண்கள். 1931ஆம் ஆண்டில் மியூசிக் அகாதெமியின் மேடையில் கல்யாணி என்பாரின் மகளிர் இருவர் ஆடினர். அவர்களும் அம்மரபினரே. 1947ஆம் ஆண்டில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அம்மரபில் வந்த பாலசரசுவதி 1975ஆம் ஆண்டில் தமிழ் இசைச் சங்கத்தின் மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். பரதத்தில் சிருங்காரமே தலையாயது, அதனைத் தூய்மை செய்யப் புதிதாக ஒருவர் வேண்டியதில்லை என்பது அவர் உரையின் சாரம். ஆக, ஒரு சாரார் 'மீட்பு' என்பதை வேறொரு சாரார் 'பறிப்பு' என்பர். 'பிற குடும்பத்துப் பெண்களும் பரதம் கற்பதற்குரிய பள்ளியாக ருக்மிணி தேவி இதனைத் தொடங்கினார்' என்று எழுதினால் நடந்தது நடந்தபடி நிற்கும். பிறகு இரு தரப்பினர் கூற்றையும் அவரவர் பெயரோடு தரலாம்.

அளவும் ஒரு செய்தி. 2024 மார்ச்சில் டி. எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டதும், கலைஞர் சிலர் அவ்வாண்டு டிசம்பர் விழாவில் பாடமாட்டோம் என விலகினர். இதனை எழுதாமல் விடுவது தவறு. ஆனால் 1928 முதல் நடந்துவரும் நிறுவனத்தின் கட்டுரையில் பாதியை ஒரு மாதத்துப் பூசல் நிரப்பினால் அதுவும் சாய்வுதான். ஒவ்வொரு வரியும் மெய்யாக இருந்தும் முழுக் கட்டுரை பொய்யாகும் விந்தை இது. பாவு நன்றாக ஓடியிருந்தும், ஒரே இடத்தில் ஊடையை அடர்த்து அடித்துவிட்டால் சேலை சுருங்கித்தான் நிற்கும்.

என் கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்கிறேன்.

'200 ஆண்டு' என்ற அந்த வரி 'சான்று தேவை' என்ற குறியோடு அப்படியே கிடந்தது. நான் கவலைப்படவில்லை. அடுத்த ஆண்டு கோவில் திருவிழாவுக்கு அக்குழுவினர் ஒரு மலர் வெளியிட்டனர். '200 ஆண்டுப் பழைமை உடையதெனக் கலைக்களஞ்சியமே கூறும் எம் குழு' என்று முதற் பக்கத்தில் அச்சிட்டிருந்தனர். பின்னர் ஒரு மாணவர், நல்ல எண்ணத்தோடுதான், அந்த மலரையே சான்றாகக் காட்டிக் கட்டுரையில் இருந்த குறியை நீக்கிவிட்டார். என் பொய் ஒரு சுற்றுச் சுற்றிவந்து தனக்குத் தானே சாட்சியாக நின்றது. அதன்பின் ஒரு செய்தித்தாளில் வந்தது. முடிவில், நானே படிப்பித்த மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டில் அதனைக் குறித்துவிட்டு, "ஐயா, நம் ஊர்ப் பக்கத்துக் கூத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்" என்று மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டினாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நான் அறிந்தே மறைத்தது. வாத்தியாருக்கு ஒரு தம்பி உண்டு. கோவில் ஒன்றில் ஆடும் உரிமை குறித்து இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டுத் தம்பி வேற்றூரில் தனிக்குழு அமைத்துக்கொண்டார். வாத்தியார் மனம் நோகுமே என்று அதனை நான் எழுதவில்லை. தம்பியின் ஊரிலிருந்து யாரோ கட்டுரைக்குள் புகுந்து, 'உண்மையான குழு எங்களுடையதே' என்று எழுதினர். நான் அழித்தேன். அவர் மீண்டும் எழுதினார். மூன்று நாள் இப்படியே போயிற்று. முன்பு என் புகழுரையை வெட்டிய அதே ஈழத்து நண்பர் வந்து இருவரையும் நிறுத்தி, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "அச்சில் எங்கே இருக்கிறது?"

நான் புதிதாக எழுதினேன். தொடக்க ஆண்டை நீக்கினேன். மூன்று தலைமுறையாக ஆடிவருவதாகக் குழுவினர் கூறுகின்றனர் என்று எழுதினேன். குழு இரண்டாகப் பிரிந்ததையும் ஒரே வரியில் எழுதினேன். நிறுவனத்தார் தம்மைப் பற்றித் தாம் வெளியிடும் மலரை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பலாகாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. செயலாளர் யார், எத்தனை நாள் விழா என்பதற்கு மலர் போதும். குழுவின் பெருமைக்கு அது சான்றாகாது. அதற்கு வெளியார் எழுதியது வேண்டும். செய்தித்தாளுக்கும் மலருக்கும் ஆய்வேட்டுக்கும் போன 200 ஆண்டை என்னால் திரும்ப அழைக்க முடியவில்லை. அவை அச்சானவை.

வெளியிடுவதற்கு முன் வாத்தியாரிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அனுமதி கேட்கப் போகவில்லை. கட்டுரை அவருடையதன்று, எனதும் அன்று. ஆயினும் அவர் பிறர் வாயிலாக அறியக் கூடாது என்று போனேன். திண்ணையில் அமர்ந்து கேட்டார். 200 ஆண்டு போனதற்குச் சிரித்தார். "என் தாத்தா சொன்னார். அவர் வேடம் கட்டினால் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்" என்றார். தம்பி பிரிந்துபோன வரி வந்தபோது முகம் இறுகியது. நான் நிறுத்தினேன். "படியுங்கள்" என்றார். படித்து முடித்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "கர்ணன் வேடத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே, வாத்தியாரே. கர்ணன் என் தம்பிதான் கட்டுவான். எனக்கு அது வராது" என்றார்.

"அச்சில் எங்காவது இருக்கிறதா?" என்று கேட்டேன். கேட்டபின் நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. மஞ்சள் நிறத் திருவிழா நோட்டீசு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கர்ணன் என்பதற்கு நேரே தம்பியின் பெயரும், துரியோதனன் என்பதற்கு நேரே அவர் பெயரும் இருந்தன. கீழே, அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், ஆண்டும் இருந்தது.